நுனியிலிருந்து

படுக்கையறைக் கதவு அன்றைக்குத் திறந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் தலை வாரும் நேரத்தில் அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று மெக்கானிக்குக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அரை மணி நேரம் கழித்து, முழங்காலை எட்டிப் பார்க்கும் பின்னலோடு அவள் வெளியே வருவாள். அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடுவார். அப்படியே ஓடிய வீடு அது. அன்றைக்கு என்னடா கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால், கண்ணாடி முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மொத்த முடியும் அவிழ்ந்து, முதுகையும் முக்காலியையும் மூடித் தரையில் புரண்டது. சீப்பு மடியில் கிடந்தது.

"கை மேல போக மாட்டேங்குதுங்க," என்றாள். வலியால் சொல்வதுபோல் இல்லை. கடை சாத்தியிருக்கிறது என்று வந்து சொல்வதுபோல் இருந்தது. "பாதி வரைக்கும் வருது. அப்புறம் யாரோ கீழ இழுக்கற மாதிரி விழுந்துடுது."

"ஒருக்களிச்சுப் படுத்திருப்ப. பிடிச்சிருக்கும்."

"இன்னைக்கு மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். குனிஞ்சு, தலையத் தொங்கப்போட்டு எப்படியோ சமாளிச்சுட்டு இருந்தேன். இன்னைக்கு அதுவும் முடியல. நேரமாச்சு, பிள்ளைங்க வந்துடும். கொஞ்சம் பின்னி விடறீங்களா?"

அவள் மழலையர் வகுப்பு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இவரும் ஆரம்பத்தில் கிண்டலுக்குக் கூப்பிடப் போய், அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களின் லிஃப்டெல்லாம் இவர் கைப்பட்டு ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றைப் பார்த்தே எந்த இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய மனுஷன், அன்றைக்கு மனைவியின் முடியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழித்தார். அது இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. உச்சந்தலையில் சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். காது வரைகூட வரவில்லை, சீப்பு மாட்டிக்கொண்டு நின்றது.

"ஸ்ஸ்! மேலேர்ந்து இழுக்காதீங்க. நுனியிலேர்ந்து வாங்க. அங்க இருக்கற சிக்க எடுத்துட்டு, கொஞ்சம் மேல. அப்புறம் இன்னும் கொஞ்சம் மேல."

"தரைத்தளத்துலேர்ந்து ஒவ்வொரு மாடியா?"

"அப்படியே வச்சுக்கோங்க. மாடிக்கு மாடி நின்னு வாங்க."

அவர் பின்னிய முதல் பின்னல் முறுக்கிய கேபிள் மாதிரி விறைப்பாக, ஒரு பக்கமாய்த் திரும்பிக்கொண்டு நின்றது. அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள். வகுப்பிலிருந்து மைதானத்துக்குப் போகும்போது பிள்ளைகள் ரயில் விடுவார்கள்; டீச்சர்தான் இஞ்சின். அவள் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொள்வதற்குத் தினமும் அடிதடி நடக்கும். சாயங்காலம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஒரு வாண்டு கேக்குது, டீச்சர், உங்க ஜடை ஏன் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சுன்னு." இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தவள் இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோனாள் என்பதை அவர் அப்போது பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் இருந்தார்.

ஆஸ்பத்திரி, ஊசி குத்திப் பார்க்கிற பரிசோதனை, மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்து, கடைசியில் ஒரு டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷர், பூசி மெழுகவில்லை. மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். கையில் ஆரம்பித்திருக்கிறது. கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவு, ஞாபகம் எதுவும் குறையாது. கொஞ்சம் மெதுவாக்க மாத்திரை உண்டு. நிறுத்த மருந்து இல்லை. மெக்கானிக் தன் தொழில் புத்தியோடு கேட்டார்: எந்த இடத்தில் கோளாறு, அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்க முடியாதா, வெளிநாட்டில் முடியுமா? டாக்டர் தலையை ஆட்டினார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, நடுவில் வயர் மட்டும் மாடி மாடியாக அறுந்துகொண்டு வருகிறது என்று இவர் புரிந்துகொண்டார். புரிந்ததும், அப்படிப்பட்ட கட்டடத்தில் தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதும் சேர்ந்தே புரிந்துவிட்டது.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட முயன்றாள். முடியவில்லை. சிக்னலில் நின்றபோது அவர் திரும்பி எடுத்துப் போட்டார்.

"மகளுக்கு இப்ப சொல்ல வேணாங்க. இப்பத்தான் வேலைல சேர்ந்திருக்கு."

"சரி."

"இதுக்கெல்லாம் எவ்ளோ நாள்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"நல்லது," என்றாள். பச்சை விழுந்தது.

அதற்கப்புறம்தான் பாடம் ஆரம்பமானது. மழலையர் வகுப்புக்கு எடுப்பதுபோலவே எடுத்தாள்; ஒரே விஷயத்தைச் சலிக்காமல் பத்துத் தடவை சொல்வாள், சரியாகச் செய்தால் "வெரிகுட்" என்பாள். தலைக்குக் குளிக்கும் முன்னால் காய்ந்த முடியிலேயே சிக்கை எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் முடி இழுபடும், ஈரமாக இருக்கும்போது சீப்பை எடுக்கவே கூடாது. ஷாம்பூவை நேராகத் தலையில் கவிழ்க்கக் கூடாது, மக்கில் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்ற வேண்டும். தேய்ப்பது தலைத்தோலில் மட்டும். அந்த நுரை கீழே வழிந்து இறங்குவதே மீதி முடிக்குப் போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு. அலசிய பிறகு துணி பிழிவதுபோல் முறுக்கினால் அன்றைக்குச் சண்டைதான். கையால் மெதுவாக அழுத்தி நீரை இறக்கிவிட்டு, முரட்டுத் துண்டு வேண்டாம், அவருடைய பழைய காட்டன் பனியனில் சுற்றி வைக்க வேண்டும். பாதி காய்ந்ததும் முதலில் விரல், அப்புறம் அகலப் பல் சீப்பு. நுனிக்கு இரண்டு சொட்டு எண்ணெய். படுக்கப் போகும்போது தொளதொளவென்று ஒரு பின்னல், ரப்பர் பேண்டு கூடாது, துணி நாடா. சில மாதத்துக்கு ஒரு முறை நுனியில் ஒரு விரல்கடை வெட்டிவிட்டால் வெடிப்பு மேலே ஏறாது.

"இவ்ளோவும் நீ தினம் அந்தக் கதவச் சாத்திக்கிட்டுப் பண்ணிட்டு இருந்தியா?"

"பின்ன? தானா வளருதுன்னு நெனச்சீங்களா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தார். கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதோடு நிற்காமல், எதையும் அரைகுறையாக விடத் தெரியாத ஆள் என்பதால், போனில் வீடியோ வேறு பார்த்தார். வேலைக்கு நடுவில், லிஃப்டின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, எந்த நாட்டுப் பெண்ணோ தன் முடியை எப்படிப் பிரித்துப் பிரித்து வாருகிறாள் என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் அழகுசாதனக் கடையில், கிரீஸ் படிந்த நகத்தோடு ஒரு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இதுல ஆல்கஹால் இருக்கு, முடி காஞ்சு போயிடும். இது இல்லாத ஐட்டம் இருக்கா?" என்று கேட்டார். கடைப்பெண் அவருடைய வழுக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அந்தப் புரை அடங்க வெகுநேரம் பிடித்தது. தொண்டைக்கும் வந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் பேச்சை மாற்றினார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். ஊன்றுகோல் வந்தது, பிறகு சக்கர நாற்காலி வந்தது. மூன்று மாடி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவது முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றாயிற்று. மகளுக்குச் சொன்னார்கள்; அவள் போனில் அழுதாள், மாதாமாதம் வந்தாள், வழவழப்பான தலையணை உறை வாங்கிக்கொண்டு வந்தாள், அதில் படுத்தால் முடி உரசாதாம். மெக்கானிக் மதிய ஷிஃப்ட் மட்டும் பார்த்தார். அந்த நேரத்துக்கு உதவிக்கு ஒரு அம்மா வந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அந்த அம்மா செய்யலாம். தலையில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட்டார். "சிக்கு விழுந்திருந்தாலும் இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்." அந்த அம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கன்னம் வற்றியது. தோள்பட்டையில் குழி விழுந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன. முடி மட்டும் எந்தச் சேதியும் காதில் விழாததுபோல் வளர்ந்துகொண்டே இருந்தது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிரித்துப்போட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வரும்போது, அவருக்கு உலகத்தில் வேறு ஒரு கவலையும் இருக்காது. முடிச்சு விழுந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து விரலால் நெகிழ்த்தினால் அவிழ்கிறது. வறண்டால் தடவினால் பளபளக்கிறது. வெடித்தால் வெட்டினால் சரியாகிறது. அவர் தொட்டால் சரியாகிற ஒன்று. பார்க்க வருகிறவர்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுக் கடைசியில், "முடி மட்டும் என்னமா இருக்கு!" என்பார்கள். யாரோ தன் கையைப் பிடித்துக் குலுக்கியதுபோல் இருக்கும் அவருக்கு. எவ்வளவு சத்து உள்ளே இருந்தால் முடி இப்படி வளரும் என்று டாக்டரிடம்கூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டாக்டர், "நல்லா பாத்துக்கறீங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. வாயில் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் உதவிக்கு வரும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. மெக்கானிக்குக்கு எல்லாம் புரியும். "தலையணைய எடுக்கச் சொல்றா", "டிவிய அணைக்கச் சொல்றா", "உங்க பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுதான்னு கேக்கறா" என்று வந்தவர்களுக்கு எடுத்துச் சொல்வார். அப்படி இருக்கையில்தான் ஒரு காலை, அவர் பின்னலை முடித்து நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் அதைச் சொன்னாள்.

"வெ… ட்டி… டுங்க."

"என்னது, தண்ணியா?"

"முடி. வெட்… டிடுங்க."

"இரு, எடுத்துட்டு வரேன்," என்று போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்பூனில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். அவள் குடிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்பூனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட நாடாவைக் கட்டி முடித்தார்.

அதன் பிறகும் சில தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது வேறு ஏதோவாகக் கேட்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள் என்று சாத்தினார். கட்டிலைத் தட்டச் சொல்கிறாள் என்று விரிப்பை உதறிப் போட்டார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவர் சீப்பை எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். சுகமாக இருக்கிறது போலிருக்கிறது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் வாருவார்.

மகள் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்த வாரத்தில் தலைக்குக் குளிக்கும் நாள் வந்தது. வழக்கமாக அவர் மட்டும்தான் செய்வார். அன்றைக்கு மகளும் கூட நின்றாள். குளியலறைக்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கமாகத் தொட்டியோடு சேர்த்து நிறுத்தி, கழுத்துக்குக் கீழே மடித்த துண்டை வைத்து, முடியைத் தொட்டிக்குள் இறக்கினார். மக்கில் ஷாம்பூ கலக்கினார். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். "எவ்ளோ நீட்டா பண்றீங்கப்பா," என்று மகள் சொன்னாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. ஏன் எதற்கு என்று ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்கிக்கொண்டே அலசினார். மனைவி தனக்கு எடுத்த பாடத்தை மகளுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

அலசி முடித்து, ஈரத்தை இறக்கலாம் என்று இரண்டு கையாலும் முடியை அள்ளியபோது, மடித்த துண்டு நழுவியது. பிடிப்பதற்குக் கை காலியாக இல்லை. தண்ணீர் ஊறிய முடியின் மொத்தக் கனமும் சேர்ந்து தலையைப் பின்னால் இழுத்தது. கழுத்துக்கு அதைத் தாங்கும் பலம் எப்போதோ போய்விட்டிருந்தது. தலை அப்படியே மடிந்து தொங்கியது. வாயில் இருந்த எச்சிலும் முகத்தில் வழிந்த தண்ணீரும் தொண்டைக்குள் போக, டீச்சர் இருமப் பார்த்தாள். இருமல் வரவில்லை. ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது, பூனைக்குட்டி கத்துவதுபோல். உதடு நிறம் மாறியது.

"அப்பா! தூக்குங்க! தலையத் தூக்குங்க!"

மகள்தான் பாய்ந்து தலையைத் தாங்கினாள். இருவருமாக முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினார்கள். கட்டிலடியில் இருந்த, எச்சில் உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து குழாயை வாயில் விட்டு எடுத்தார்கள். மூச்சு ஒரு பெரிய கேவலோடு திரும்பி வந்தது. அதுவரை மெக்கானிக் மூச்சு விடவில்லை என்பது, அவள் மூச்சு விட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தரையெல்லாம் தண்ணீர். ஈர முடி மூன்று பேர் மேலும் ஒட்டிக்கிடந்தது.

கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, முடியைப் பனியனில் சுற்றிய பிறகு, டீச்சர் மகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். மகள் காதை வாயருகே கொண்டுபோனாள். மாதத்துக்கு ஒரு முறை வருகிறவள், இவருக்குப் புரிகிற அளவு அவளுக்குப் புரியாது. ஒவ்வொரு சொல்லாக வாங்கி, சரியா என்று திருப்பிக் கேட்டுக்கொண்டாள். சரி என்றால் டீச்சர் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பாள்; இல்லை என்றால் இரண்டு தடவை.

"முடிய… வெட்டணுமா? வெட்டிடவாம்மா?"

ஒரு தடவை.

"அப்பாகிட்ட சொன்னியா?"

ஒரு தடவை. அப்புறம் இன்னும் ஏதோ சொன்னாள். நீளமாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்த பிறகும் உடனே நிமிரவில்லை.

"என்ன சொல்றா?" என்றார் மெக்கானிக். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவருக்கு முழுசும் கேட்டிருந்தது. ஒரு எழுத்து விடாமல் புரிந்துமிருந்தது.

"காலைல கதவச் சாத்திட்டுத் தல வார்ற நேரம்தான் அம்மாவுக்குன்னு இருந்த நேரமாம்பா. வீடு, ஸ்கூலு, நானு, நீங்க, யாரும் கிடையாதாம் அதுல. அதுக்காகத்தான் இவ்ளோ முடி வச்சிருந்தாங்களாம். இப்ப…" மகள் பனியன் சுற்றிய முடியைப் பார்த்தாள். "இப்ப அது அவங்க முடி இல்லையாம். உங்க முடியாம்."

மெக்கானிக் நனைந்த சட்டையோடு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். கீழே யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஒரு வீட்டில் குழந்தை படிக்க மறுத்து அழுதது. கையை முகர்ந்து பார்த்தார். ஷாம்பூ வாசனை. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. நான் உனக்காக எவ்வளவு செய்தேன் என்று அவரும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். யாருக்காகச் செய்தோம் என்று யோசித்தபோது, சீப்பை எடுத்ததும் அவள் கண்ணை மூடிக்கொள்வது ஞாபகம் வந்தது. அது சுகம் இல்லை. அவளால் எழுந்துபோக முடியாது, கதவைச் சாத்த முடியாது. மூடுவதற்கு அவளிடம் மிச்சம் இருந்தது அந்த இமைகள் மட்டும்தான்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டை அவர் தோளில் போட்டாள்.

"அம்மா தூங்கறாங்க." ஈரக் கையை அதன் நுனியில் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு முன்னாடியே புரிஞ்சுதுல்லப்பா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"வேற எது என் கையில இருக்கு, நீயே சொல்லு." அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலைப் பிடிச்சு விடறேன், மறுநாள் இன்னும் வத்திப் போயிருக்கு. ஊட்டறேன், பாதி வெளிய வருது. எத எடுத்தாலும் நேத்தைக்கு இன்னைக்கு மோசம். இது ஒண்ணுதாம்மா நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருந்துது. அதையும் வெட்டிட்டா…"

மகள் அவர் தோள்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய முடி காதளவுதான். வேலைக்குச் சேர்ந்ததுமே வெட்டிக்கொண்டுவிட்டாள். அப்போது அவர் கோபப்பட்டது ஞாபகம் வந்தது. எதற்குக் கோபப்பட்டோம் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை, முடி வேர்வரை காய்ந்திருந்தபோது, அவர் கட்டில் அருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர்," என்றார். அவள் பார்த்தாள். "பார்லர்லேர்ந்து ஆளக் கூப்பிடட்டுமா? அவங்க அழகா வெட்டுவாங்க."

இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

"பாப்பா வெட்டட்டுமா?"

இரண்டு தடவை.

"நானா?"

ஒரு தடவை. மூடிய கண்ணைத் திறக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

மகளும் அவருமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் பின்னலை அவிழ்த்தார். வெட்டப்போகிற முடிக்கு எதற்கு என்று மகள் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் நுனியிலிருந்து தொடங்கி, அடி அடியாக மேலே வந்து, ஒரு சிக்கு விடாமல் எடுத்தார். டீச்சர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எதிரே கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காகப் பிரித்து, தனித்தனியாகப் பின்னி, மேலும் கீழும் நாடா கட்டினார். இப்படிக் கட்டி வெட்டினால் நோயில் முடி உதிர்ந்தவர்களுக்கு விக் செய்ய எடுத்துக்கொள்வார்களாம், மகள் போனில் பார்த்துச் சொன்னாள்.

கத்தரியை வைத்தால் ஒரே வெட்டில் போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. அடர்ந்த முடியில் கத்தரி வழுக்கியது; பிறகு கடித்தது. ஈர மணலில் நடப்பதுபோல் ஒரு சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து அரிந்துதான் வெட்ட வேண்டியிருந்தது. முதல் பின்னல் கையோடு வந்தபோது அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் வாங்கிக் கட்டிலில் விரித்த துண்டின்மேல் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் கத்தரியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"ம்," என்றாள் டீச்சர். பெஞ்சின் மேல் ஏறி நிற்கிற பிள்ளையை உட்காரச் சொல்கிற அதே "ம்".

வெட்டினார்.

கோணலும் மாணலுமாக இருந்தது. சரிசெய்கிறேன் என்று இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கத்தரித்ததில் இன்னும் குட்டையாகிவிட்டது. பின்கழுத்தில் ஒட்டியிருந்த துணுக்குகளைப் பனியனால் தட்டிவிட்டார். நாற்காலியின் தலைச்சாய்ப்பில் எப்போதும் அழுந்திக் கிடக்கும் அந்தத் தலை, மெல்ல, தானாக, ஒரு நூல் அளவு எழுந்தது. நடுங்கிக்கொண்டே நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியது. யாரும் திருப்பிவிடவில்லை. வெயில் நெற்றியில் விழுந்தது. மின்விசிறிக் காற்றில் குட்டை முடி எல்லாத் திக்கிலும் எழுந்து நின்றுகொண்டு ஆடியது.

"ஸ்கூல் பிள்ள மாதிரி இருக்க," என்றார் மெக்கானிக்.

டீச்சரின் வாய் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பியது. தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் இடம் மாறி வரும், ஒன்றைத் தொடங்கினால் மற்றதில் போய் நிற்கும், எது என்று சமயத்தில் அவர்களுக்கே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோளும் குலுங்கியது. அவர் கை போய் மனைவியின் பின்கழுத்தில் நின்றது. வெட்டிய முடி உள்ளங்கையில் குறுகுறுவென்று குத்தியது. அதன் கீழே அவள் கழுத்து, விடாமல், அலை அலையாக அதிர்ந்துகொண்டே இருந்தது.